எதிர்த்து ‘ம்’ சொன்னது யார்

மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவளுடைய அம்மா, “கூட்டத்துக்குப் போய்ச் சண்டை போடறா, அதுக்குச் சம்பளம் தராங்க” என்பாள். அதில் பெரிய பிழை இல்லை. இணையத்தில் கணினிகள் ரகசியம் பேசிக்கொள்வதற்கான விதிகளை எழுதும் குழுவில் அவள் இருந்தாள். பல வருடமாக அவள் சண்டை ஒரே வாக்கியத்துக்காக: எதிர்முனைக் கணினி எவ்வளவு கெஞ்சினாலும், உடைந்துபோன பழைய குறியாக்கப் பூட்டை ஏற்கக் கூடாது.

அன்று அந்த வாக்கியத்துக்குக் கடைசிக் கூட்டம். தேறினால் அது விதி. தேறாவிட்டால் குழு கலையும், வாக்கியம் குப்பைக்குப் போகும்.

“இன்னும் அதே வாக்கியமா?” காலையில் அம்மா போனில் கேட்டாள்.

“அதேதாம்மா. ரெண்டு கமா குறைச்சிருக்கேன்.”

“அந்த ‘ஆனா’ சார் வராரா?”

“அவர் இல்லாம கூட்டமா?”

எதைச் சொன்னாலும் “ஆனா” என்று ஆரம்பிப்பவர் என்பதால் அந்தப் பெயர். பழைய இயந்திரங்கள் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிடும் என்பது அவர் கவலை. அவற்றுக்கு அவகாசம் தரும் பத்தி ஒன்றை அவருக்காகவே சேர்த்திருந்தாள். படித்துவிட்டு அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் குழுவில் கை தூக்கும் வழக்கம் இல்லை. ஆதரிப்பவர்கள் வாயை மூடியபடி ‘ம்ம்ம்’ என்று ஒலிக்க வேண்டும். அடுத்து எதிர்ப்பவர்கள். காது சொல்வதே தீர்ப்பு.

தலைவி ஆதரவைக் கேட்டார். அறை தேன்கூடாக ரீங்கரித்தது.

“எதிர்ப்பு?”

ம்ம்ம். மெல்லிய ஒலிதான்; ஆனால் மூச்சு விடாமல் நீண்டது.

எல்லாத் தலைகளும் ஆனா சார் பக்கம் திரும்பின.

“என்னை ஏன் பாக்கறீங்க? நான் ஆதரவுக்கே சொல்லியாச்சு” என்றார் அவர். “ஆனா, நான் பேசறப்பவும் அது கேக்குதே.”

எழுந்து, காதைத் தீட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தார். மூலையில் இருந்த ஏசியை அணைத்தார். காலையிலிருந்து காதுக்குப் பழகிப்போன ஒலி நின்றது.

“மறுபடி கேக்கறேன்” என்றார் தலைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “எதிர்ப்பு?”

ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை.

கைதட்டலுக்கு நடுவே ஆனா சார் அவளிடம் வந்தார். “வாழ்த்துகள் மேடம். ஆனா, ஏசியைப் போட்டுடலாமா? வேர்க்குது.”

கூட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா உடனே அழைத்தாள்.

“யாருமே வாயைத் திறக்கல, எல்லாரும் கை தட்டறாங்க. இதுக்காடி இத்தனை வருஷம்?”

“இதுக்குத்தாம்மா.”

“சரி, அடுத்த வாக்கியம் எப்போ?”

“நாளைக்கு. நானும் ஆனா சாரும் சேர்ந்து எழுதறோம்.”

“ரெண்டு பேரும் சேர்ந்தா? அப்போ அது முடியறதை நான் பாத்த மாதிரிதான்” என்றாள் அம்மா.