தமிழ்ப் பரீட்சைக்கு முந்தின நாள்

பின்னல் நிற்கவே இல்லை. ஈர முடியை மூன்றாகப் பகுத்து எவ்வளவு இறுக்கிப் போட்டாலும், கவிப்ரியா விரலை எடுத்ததும் அது நெகிழ்ந்து பிரிந்தது. வீட்டின் பக்கவாட்டில் சேலைகளைக் கட்டி மறைத்து, பெஞ்சில் வைத்து மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். இரண்டு பெண்கள் அக்கா பூமயிலின் தோள்களைப் பிடித்து உட்கார்த்தியிருந்தார்கள். தலை மட்டும் கவிப்ரியாவின் வயிற்றில் சாய்ந்திருந்தது. விடியுமுன் மதுரையிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தபோது இறங்கிக்கொண்டிருந்த பனி இன்னும் விலகவில்லை. குடத்துத் தண்ணீர் சில்லென்றிருந்தது, அக்காவும் சில்லென்றிருந்தாள். இதில் மார்கழியின் குளிர் எது, மற்றது எது என்று கவிப்ரியாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"வேத்தாளு எதுக்கு, தங்கச்சியே சடை போடட்டும்," என்றாள் பூமயிலின் மாமியார் முருகம்மாள். "நாளப்பின்ன இந்த வீட்டுல எல்லாத்தையும் அவதான பாக்கணும்."

பக்கத்திலிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். கவிப்ரியா அதைக் காதில் வாங்கவில்லை. பின்னல் நுனியில் போட ரப்பர் பேண்டு கேட்டாள். "சுமங்கலியா போறவளுக்கு ரப்பர் பேண்டா?" என்று ஒருத்தி பூச்சரத்தை நீட்டினாள். கல்யாணத்தன்று கட்டிய கூறைச்சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார்கள். அதில் இன்னும் கடைச் சீட்டின் பசை மணம் இருந்தது.

சாயல்குடிக்குப் பக்கத்து ஊர் அது. தெற்கே உப்பளம், அதற்கு அப்பால் கடல். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையிலேயே பூமயிலை இங்கே கட்டிக் கொடுத்தார்கள். தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மதிப்பெண் அவள்தான். அந்தப் பேச்சு ஓயும் முன்பே கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை நாகேந்திரன் உப்பு லோடு அடிக்கச் சொந்தமாக வண்டி வைத்திருந்தான். முதுகுளத்தூர்ப் பக்கம் அடுத்தவர் மிளகாய்க் காட்டில் வேலை பார்க்கும் அய்யா கூத்தையாவுக்கும் அம்மா பஞ்சம்மாளுக்கும் அது பெரிய இடம்.

இப்போது கவிப்ரியா அதே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு. பொழுது சாயும் நேரத்தில் பூமயில் போன் பண்ணுவாள். மகள் ஜோதிகா என்னென்ன பேசுகிறாள் என்று சொல்வாள். அப்புறம் கேட்பாள்: "இன்னைக்குத் தமிழ்ல என்ன நடத்துனாக?"

கார்த்திகையில் ஒருநாள் சத்யப்பிரியா டீச்சர் பெரும்பொழுதுகளை நடத்தினார். ஆண்டை ஆறாகப் பகுத்த முன்னோர், அதில் பாதியைக் குளிருக்கே கொடுத்திருந்தார்கள்: கூதிர், முன்பனி, பின்பனி. கவிப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஊரில் வெயில் உண்டு, வெயில் கொஞ்சம் குறைவதும் உண்டு. குளிர் என்பது மார்கழியில் கொஞ்ச நாள் மிளகாய்ச் செடிகளின் மேல் நிற்கும் பனி. காலைப் பிரேயரில் பல்லைக் கிட்டித்துக்கொண்டு வாழ்த்துப் பாடும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். ஸ்வெட்டர் இல்லாமல் யூனிபாரத்துக்கு மேல் அய்யாவின் சட்டையைப் போட்டு வந்து பி.டி. சாரிடம் வாங்கும் திட்டு. ஆனால் டீச்சர் சொல்லச் சொல்ல அந்தக் குளிர் அழகாகிவிட்டது. வாடை வீசும். பொருள் தேடிப் போனவன் சொன்ன காலத்தில் வரமாட்டான். தலைவி உறங்கமாட்டாள். அவளுக்காகத் தோழி பேசுவாள். டீச்சருக்கே குரல் கம்மியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாமியா, "எனக்குக் குளுருதுடி," என்று காதில் சொன்னாள். வெளியே நல்ல வெயில்.

அன்று மாலை போனில் பூமயில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அந்தத் தலைவிக்கு வேற வேலயே இல்லியா? குளுருச்சுன்னா போர்த்திக்கிட்டுப் படுக்க வேண்டியதான?"

"அது பிரிவுக்கா."

"தெரியும்டி. நானும் அதத்தான் படிச்சேன்." பிள்ளையை அதட்டிவிட்டுத் திரும்பப் பேசினாள். "ஒண்ணு கவனிச்சியா? மனசுல உள்ளத அவ நேரா அவன்கிட்டக் கேக்குறதே இல்ல. எல்லாத்துக்கும் ஒரு தோழி வேணும். இங்கன தோழிக்கு நான் எங்க போறது? ஒங்கிட்டத்தான் சொல்லணும். நீயும் பரீட்சைக்குப் படிக்கணும்னு வச்சிருவ."

அப்புறம் வந்த போனில் அவள் பாடம் எதுவும் கேட்கவில்லை. "காய்ச்சலாக் கெடக்குதுடி. கண்ணுக்குப் பின்னாடி வலிக்குது, எந்திரிச்சா தல சுத்துது. ஒங்க மச்சான்ட்ட சொன்னா மாத்திர போடுங்கறாரு. அத்த, மழக்காலத்துல எல்லாருக்கும் வாரதுதானங்குது. அய்யாவ வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

கவிப்ரியா அய்யாவிடம் சொன்னாள். கூத்தையா வாசலில் உட்கார்ந்து காலில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ள இருக்கும்போது நம்ம போயி நின்னா அவுகளுக்கு அசிங்கமாயிரும்த்தா. பாத்துக்கிடுவாக." மறுநாளும் சொன்னாள். அவர் அதையேதான் சொன்னார். அதற்கு மறுநாள் பூமயில் போனை எடுக்கவில்லை. பிறகு ராமநாதபுரம் கொண்டுபோனார்கள், அங்கிருந்து மதுரை. டெங்கு என்றார்கள், பிந்திவிட்டது என்றார்கள். திருப்புதல் வகுப்பில் இருந்த கவிப்ரியாவை ஆள் வந்து கூப்பிட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இந்த ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். யூனிபாரமும் புத்தகப் பையுமாக வந்து இறங்கியவள், நேற்று முழுக்க அக்கா வருவாள் என்றுதான் ஜோதிகாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பந்தலில், கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தூரிலிருந்து ஒப்பாரி வைக்க வந்தவளுக்கு நல்ல குரல். பூமயிலைத் தேரில் வந்தவள் என்றாள், மாடத்தில் வாழ்ந்தவள் என்றாள். பூமயில் இந்த ஊருக்கு வந்தது உப்பு வண்டியின் முன்சீட்டில். இறந்தவரை நினைத்து இரங்கிப் பாடும் கையறுநிலை பற்றிய கேள்விக்குக் கவிப்ரியா சுருக்கமாக விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அந்த விடையை இப்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அதில் பிழை ஒன்றும் இல்லை. அதில் வேறு எதுவும்கூட இல்லை. மடியிலிருந்த ஜோதிகா பெட்டிக்குள் எரியும் விளக்கைக் காட்டி, "சித்தி, டிவி," என்றது.

வெயில் ஏறத் தொடங்கியபோது சத்யப்பிரியா டீச்சர் ஒரு மாலையோடு பந்தலுக்குள் வந்தார். பின்னால் லாமியா. டீச்சரைப் பார்த்ததும் கவிப்ரியாவுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. டீச்சர் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். "எனக்கும் பூமயில் பிள்ளதான்மா. நல்லாப் படிச்ச பிள்ள," என்றார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது.

முருகம்மாள் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். "ஒங்ககிட்டப் படிக்கிற பிள்ளதான் டீச்சர் இனிமே எங்க வீட்டுப் பிள்ள. இப்ப வாக்கு மட்டும் வாங்கிக்கிட்டு, பதினெட்டு முடியவும் முறையாப் பேசி முடிச்சிருவோம். எவளயாவது கொண்டாந்தா பச்சப்பிள்ளய வதைச்சிருவா. சித்தின்னா சொந்த ரத்தம்."

காலையில் சொன்ன வார்த்தையின் பொருள் இப்போதுதான் கவிப்ரியாவுக்கு விளங்கியது. மடியில் இருந்த பிள்ளை திடீரென்று கனத்தது. அவள் டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். "பன்னெண்டு முடிக்கட்டும்மா," என்றார் மெதுவாக, முருகம்மாளிடம்.

அவர் கிளம்பும்போது கவிப்ரியா தெருமுனை வரை கூடவே போனாள். "டீச்சர், அய்யாட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"சாவு வீட்ல, குடும்ப விஷயத்துல நான் எப்படிம்மா பேசுறது?" டீச்சர் அவள் கன்னத்தைத் தொட்டார். "நாளைக்கு எக்ஸாமுக்கு வர முடியலைன்னாலும் பரவால்ல. அரையாண்டுதான. மனச மட்டும் விட்டுறாத." பிறகு, சாயல்குடிக்கு அடுத்த பஸ் எப்போது என்று அங்கே நின்ற ஒருவரிடம் விசாரித்தார். தலைவிக்காக வகுப்பில் கம்மிய அதே குரல்தான்.

லாமியா மட்டும் கையை விடவில்லை. "நீ வாடி. எப்படியாச்சும் வந்துரு. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

உச்சிப்பொழுதில் எடுத்துவிட்டார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பி, வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெட்டி இருந்த இடத்தில் ஈரம் காய நேரமாயிற்று.

பொழுது சாயுமுன், சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த ஆண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். நாகேந்திரனின் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "துக்க வீட்டுல பேசக்கூடாதுதான். ஆனா எல்லாரும் கூடியிருக்கோம், பச்சப்பிள்ள கெடக்கு. கூத்தையா, ஒரு வார்த்த சொல்லிட்டீகன்னா எல்லாருக்கும் நிம்மதி."

கூத்தையா துண்டை மடித்தார், பிரித்தார். கவிப்ரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா விடமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை அவளுக்கு இருந்தது. சுவரில் சாய்ந்து கிடந்த பஞ்சம்மாளின் குரல் அழுது அழுது உடைந்திருந்தது.

"எம்மக பிள்ளய எவ கையிலயோ குடுத்துட்டு எனக்குத் தூக்கம் வருமா? சின்னவ இங்கன வந்துட்டா, பெரியவ இருக்க மாதிரியே இருக்கும்." சொல்லிவிட்டு அவள் சின்னவளைப் பார்க்கவில்லை.

கவிப்ரியா எழுந்து நின்றாள். தோளில் ஜோதிகா தூங்கிக்கொண்டிருந்தது. "மச்சான்," என்றாள். வகுப்பில் எழுந்து பதில் சொல்கிற மாதிரியே குரல் வந்தது. "அக்காவ எதுக்கு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?"

நாகேந்திரன் தலையைத் தூக்கினான். அவனும் அழுதிருந்தான், கண் இரண்டும் வீங்கியிருந்தன. "லோடு இருந்துச்சு," என்றான். "அடுத்த மழைக்கு முன்னாடி உப்ப ஏத்திரணும்னு சொன்னாக. அதான்..."

"எனக்குப் போன் போட்டுச் சொன்னா. நான் அய்யாட்ட சொன்னேன். மறுநாளும் சொன்னேன்."

அய்யா எழுந்து வந்து அறைவார் என்று நினைத்தாள். அவர் எழவில்லை. துண்டை முகத்தில் போட்டு மூடிக்கொண்டார்.

"படிக்க வச்சா இப்பிடித்தான்," என்று முருகம்மாள் எழுந்தாள். "எம்மவன் பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு ஒக்காந்திருக்கான், இவ நிக்க வச்சுக் கேள்வி கேக்குறா."

"விடு விடு, சின்னப்பிள்ள. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், உக்காந்து பேசுவோம்," என்றார் பெரியப்பா.

அவ்வளவுதான். இந்தச் சம்பந்தம் முடியாது என்று யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டியதை நேராகக் கேட்டுவிட்டால் ஏதோ ஒன்று இடியும் என்று கவிப்ரியா நினைத்திருந்தாள். வகுப்பில் படித்த பாட்டாக இருந்தால் அந்த இடத்தோடு முடிந்திருக்கும். இங்கே, உறவுக்காரர்கள் ஆக்கிக் கொண்டுவந்த சோற்றுக்கு இலை போட்டார்கள். அவளுக்கும் ஒரு இலை போட்டிருந்தது. பசித்தது, சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் ஆண்கள் பால் தெளிக்கக் கிளம்பிப் போனதும் அவள் யூனிபாரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தீட்டோட பள்ளிக்கூடம் போவியா?" என்றாள் பஞ்சம்மாள்.

கவிப்ரியா புத்தகப் பையை எடுத்து வைத்தாள். ஜோதிகா எழுந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. பால்சோறு பிசைந்து ஊட்டினாள். பாதியில் தோளில் ஏறி முகத்தைத் தேய்த்தது. இறங்க மாட்டேன் என்றது. துப்பட்டாவைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளையை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"அழுகுது பாரு. ஒனக்கு ஈவு எரக்கமே இல்லியா?"

தெருவைக் கடக்கும் வரை அந்த அழுகை கேட்டது. அது அக்காவைக் கேட்டு அழவில்லை. சித்தி, சித்தி என்றுதான் அழுதது.

பனியில் பஸ் நிறுத்தம் தெரியவில்லை. அங்கே ஒருவர் நிற்பது மட்டும் தெரிந்தது. பக்கத்தில் போனதும்தான் அது அய்யா என்று கண்டாள். சுடுகாட்டிலிருந்து நேராக வந்திருந்தார். வேட்டியின் கரை நனைந்திருந்தது. அவர் தடுப்பார் என்று பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பஸ் வரும் திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பரீட்ச எப்ப முடியும்?"

"மதியம்."

பஸ்ஸின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தபோது அவர் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் படியில் கால் வைத்த பிறகு சொன்னார்: "முடிஞ்சதும் நேரா இங்கன வந்துரு. பிள்ள தேடும்."

அவள் கம்பியைப் பிடித்து உள்ளே ஏறினாள். பஸ் நகர்ந்தது.

சன்னலோரச் சீட்டு காலியாக இருந்தது. யூனிபாரத்தைப் பார்த்த கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் கடந்து போனார். சட்டையின் இடது தோளில் பால்சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். தட்டிவிடக் கையைக் கொண்டுபோனாள். பிறகு, அதன் மேல் உரசிக்கொண்டிருந்த பையின் வாரைக் கழற்றி, வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.