மூன்றா, ஐந்தா

…ஒரே ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் போதும், மொத்த நிரலும் முரண்டு பிடித்து நின்றுவிடும், இருபத்தேழாவது வரியில் அதுதான் நடந்திருக்கிறது என்று ஜிபார் கண்டுபிடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போயிருந்தது, ஆறியதையே குடித்தாள், பத்து மாதமாக எதைத்தான் அவள் சூடாகக் குடித்தாள்… மிர்லான் இருந்தால் கேலி செய்வான், அவன் இருந்தால் இந்த நிரலே வேண்டியிருக்காது. ஆறு வருடமாக அவன் வரைவான், அவள் நிறம் போடுவாள், அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே இந்த அலுவலகத்தில் அப்படித்தான். சுவருக்கு ஒரு லேயர், கதவுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, கண்ணாடித்தாள்களை அடுக்கியதுபோல, எல்லாவற்றையும் அவன் ஏழாம் எண்ணில், வெறும் வெள்ளையில் விட்டுவிடுவான், வண்ணம் தெரிந்தால் புத்தி அலைபாயுமாம் அவனுக்கு, பக்கத்துக் குறிப்பில் மட்டும் கிர்கிஸ் மொழியில் ஒற்றைச் சொல்லில் நிறத்தின் பெயர், அவ்வளவுதான். அவள் அதைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றுவாள். சிவப்பென்றால் ஒன்று, மஞ்சளென்றால் இரண்டு, கட்டப்போகும் சுவருக்கு நீலம், ஐந்து, புல்லுக்கும் மரத்துக்கும் பச்சை, மூன்று. இப்போது அவன் விட்டுப்போன முந்நூற்று நாற்பது வரைபடங்களுக்கும் இன்று மதியத்துக்குள் நிறம் போட்டுக் கொடுக்க வேண்டும், கையால் ஆகிற வேலையா, அதனால்தான் நிரல், குறிப்பிலிருக்கும் முதல் சொல்லைப் படித்து எண்ணைக் கொடுத்துவிடும். கையால் போட்டிருக்கலாமோ… அவனுக்காகச் செய்கிற கடைசி வேலை, அதையும் இயந்திரத்திடம் தள்ளிவிட்டேனே என்று தோன்றியது.

காலையில் முதல் தடவை ஓடவிட்டபோது ரைசா பெத்ரோவ்னா போட்ட கூச்சல் மாடி வரை கேட்டிருக்கும். ஓய்வுபெறும் வயது தாண்டியும் அச்சுப் பிரிவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ருஷ்யக்காரி. “ஜிபாரா, இங்க ஓடி வா! பள்ளிக்கூடத்து மரமெல்லாம் நீலமா நிக்குது! உங்க ஊரு மாடு நீலப் புல்லுதான் மேயுமா?” என்றாள். எட்டிப் பார்த்தால் நிஜமாகவே நூற்றுப்பத்து பாப்ளர் மரங்களும் நீலம். யார் செய்த கூத்து, அவளே செய்ததுதான், “கொக்” என்ற சொல்லுக்கு நேராக ஐந்து என்று எழுதிவிட்டாள், யோசிக்கவேயில்லை, கிர்கிஸ்காரர்கள் யார்தான் யோசிப்பார்கள், வானமும் கொக், புல்லும் கொக், இந்தக் கோப்பையில் ஆறிப்போன பச்சைத் தேநீரும் கொக்தான். கையால் போடும்போது தப்பே வந்ததில்லை, மரத்தைப் பார்த்தால் மூன்று, சுவரைப் பார்த்தால் ஐந்து, கை தானாகப் போகும். “வானத்துக்கும் புல்லுக்கும் ஒரே பேரா, அடேயப்பா, என்ன சிக்கனம்!” என்று ரைசா சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகவே வந்தது, சிரித்த பிறகு யாரோ திட்டப்போகிறார்கள் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தாள். மிர்லானின் ஜன்னலோர மேசையில் யாரும் இல்லை. ஓடு மாதிரிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

பிறகு நிரலைத் திருத்தினாள், கொக் வந்தால் லேயரின் பெயரைப் பார், மரம் புல் என்றால் மூன்று, சுவர் என்றால் ஐந்து, இரண்டும் புரியாவிட்டால் நின்று என்னைக் கேள் என்று. முந்நூற்று முப்பத்தொன்பது வரைபடம் வரை அது நிற்கவேயில்லை, நல்ல பிள்ளையாக ஓடியது. கடைசிப் படத்தில் நின்றது. திரையின் அடியில், அவளே எழுதிக்கொடுத்த வாசகம்: கொக். மூன்றா, ஐந்தா? எந்தக் கோப்பு என்று பார்த்தால் கொக்-ஜார், அந்த ஊரில் கட்டப்போகும் அவர்களுடைய சொந்த வீடு. லேயரில் நாலே நாலு கோடு, சமையலறைக்குக் கிழக்கே, மூன்று மீட்டருக்கு மூன்று அறுபது… அந்த அறை. ஏழாம் மாதத்தில் பிறந்து அழாமலே போய்விட்ட மகளுக்கென்று வரைந்த அறை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இவள்தான் கத்தினாள், அந்த ரூமை அழிச்சிடு, இனிமே அது என் கண்ணுல படக்கூடாது என்று. அவன் அழிக்கவில்லை போலிருக்கிறது, அந்த லேயரை மட்டும் விளக்கை அணைப்பதுபோல அணைத்து மறைத்து வைத்திருக்கிறான். இப்போது எரிகிறதே, யார் எரியவிட்டது? கோப்பின் தேதி பதினொன்று நவம்பர். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது டிசம்பர் இரண்டு.

சற்று முன்புதான் மேஸ்திரி துர்துபேக் பைகே போனில் கேட்டார், “தங்கச்சி, கிழக்கால அந்தச் சின்ன ரூம் உண்டா இல்லையா? கயித்தைக் கட்டிட்டு நிக்கிறேன், பனியில மண்ணு உறையறதுக்குள்ள அஸ்திவாரம் தோண்டணும்ல.” மதியத்துக்குள் சொல்கிறேன் பைகே என்றாள், “சொல்லும்மா, இல்லேன்னா புல்லு வெதச்சிட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன்” என்று சிரித்தார், பாவம், அவருக்கு என்ன தெரியும். இனி யாருக்காக வீடு என்று கேட்காத ஆளில்லை, அவன் போட்டபடியே கட்டி முடிப்பேன் என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொல்லி வந்தாள். அவன் என்ன போட்டான்? ஐந்து என்றால் சுவர், அப்படியானால் அவன் இன்னொரு குழந்தையை நினைத்துக்கொண்டிருந்தான், அவள் வாயை அடைத்துவிட்டதால் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்தான். மூன்று என்றால் புல், அப்படியானால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் தனியாக அந்தக் குழந்தையை வழியனுப்பிவிட்டான்… எது குறைவாக வலிக்கும்? எங்கேயாவது ருஷ்ய மொழியில் எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா, அதில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறதே! செத்தவன்மேல் கோபம் வந்தது. இன்று வியாழக்கிழமை, வீட்டுக்குப் போய் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரிக்க வேண்டும், எண்ணெய் வாசம் போய்ச் சேருமாம் செத்தவர்களுக்கு, வாசம் போய்ச் சேருமென்றால் ஒரு கேள்வி போய்ச் சேராதா.

ஐந்தின்மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், மூன்றின்மேல் வைத்தாள்… பொறு, நிரல் முதல் சொல்லைத்தானே படிக்கும், முதல் இடைவெளியோடு வெட்டிவிடு, மிச்சமெல்லாம் குப்பை என்று நேற்று எழுதியது நான்தானே. அவன் ஒரு சொல்லுக்குமேல் எழுதமாட்டான் என்ற தைரியத்தில் எழுதியது. நிரலை விட்டு வெளியே வந்து, குறிப்பைத் தானே திறந்தாள். மூன்று சொல் இருந்தது. கொக் கில், ஓசுங். கொக் ஆக்கு, நீயே. ஆக்கு என்று தனக்குத்தானே யார் எழுதிக்கொள்வார்கள், நீ என்று அவன் அழைக்க இந்த அலுவலகத்தில் வேறு யார் இருந்தார்கள், அந்தக் கோப்பைத் திறக்க அவளைவிட்டால் வேறு ஆள் ஏது. நவம்பர் பதினொன்று… அன்று இரவு பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டான், “கொக்-ஜார் படத்தைக் கொஞ்சம் தொறந்து பாரேன், ஜிபார்.” பார்க்கிறேன் என்றாள். மறுநாள் கேட்டான், பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றாள். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. தினமும் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கோப்பைத் திறப்பான், இந்த மேசையிலிருந்தே அவன் திரையின் ஓரம் தெரியும், திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடுவான், சலிக்காமல் தினமும், வீட்டு ஆசை, பாவம், என்று நினைத்தாள் அவள். சுவரா புல்லா என்று அவள் நிறம் போட்டுவிட்டாளா என்றுதான் பார்த்திருக்கிறான், நாலு கோடும் வெள்ளையாகவே இருந்திருக்கும்.

“ஜிபாரா, முடிஞ்சுதா? பிரிண்ட் போடட்டுமா?” என்றாள் ரைசா பெத்ரோவ்னா.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள் ஜிபார்.