வேதநாயகியின் முதல் சர்வர்

வேதநாயகிக்கு இருபத்திரண்டு வயதில் பார்வை போனது. முப்பத்தொன்றாவது வயதில், தொம்லூரில் ஆறே பேர் வேலை பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில், லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. முழுசாகக் கிடைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மூன்று மாதம் வேலை செய்யட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் முதலாளி பரத் அவளைச் சேர்த்திருந்தான். அதில் பதினோரு வாரம் ஓடிவிட்டது.

அந்தப் பதினோரு வாரமும் வாடிக்கையாளர்களின் மெயிலுக்குப் பதில் எழுதுவதைத் தவிர வேறு எதுவும் அவளிடம் வரவில்லை. பரத் கெட்டவன் இல்லை. ஈரோட்டிலிருந்து வந்து, சொந்தமாகக் கம்பெனி தொடங்கி, இப்போதுதான் கொஞ்சம் தலைநிமிர்ந்திருக்கிறான். சர்வரில் ஒரு கட்டளை தப்பாகப் போனால் ஒரு வாடிக்கையாளரின் பிழைப்பே நின்றுவிடும். அந்த இடத்தில் கண் தெரியாதவளை உட்கார வைக்க அவனுக்குப் பயம். பயத்தை அக்கறை என்று அவனாகவே பெயர் மாற்றிக்கொண்டிருந்தான். சர்வர் வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணைக் காட்டி, "நீங்க எதுக்குங்க கஷ்டப்படணும், தீபிகா பாத்துக்குவா" என்பான். இதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு கால் சென்டரில் இதே மாதிரி அக்கறையில் மூச்சுத் திணறியவள் வேதநாயகி. ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்து போவதுகூட அவளுக்குக் கஷ்டமாக இல்லை. இதுதான் கஷ்டமாக இருந்தது.

இத்தனைக்கும் லினக்ஸை அவள் தேடிப் போய்க் கற்றதே, அதில் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதால்தான். கறுப்புத் திரையில் எல்லாமே எழுத்து. படம் இல்லை, வண்ணம் இல்லை. எழுத்தாக இருப்பதை எல்லாம் கணினி அவள் காதில் வாசித்துவிடும். அதுவும் மற்றவர்களுக்கு வண்டு பறப்பதுபோல் கேட்கும் வேகத்தில்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரத் போன் செய்தான். மைசூர் ரோட்டில் ஒரு வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்டிருந்தான்.

"வேதா, இராஜமாணிக்கம்னு ஒருத்தர் வருவாருங்க. மாஸ்டர்நோட் போடணுமாம். தீபிகாவுக்கு இன்னைக்கு மூச்சு விட நேரமில்ல. ஒரு ஸ்கிரிப்ட் லிங்க் அவரே கொண்டு வர்றாரு. ஒரே வரி. ஒட்டிவிட்டா அதுவே எல்லாத்தையும் பண்ணிக்கும். உங்களால முடியுமில்ல?"

"முடியும்" என்றாள்.

மாஸ்டர்நோட் என்பது அவளுக்குப் படித்துத் தெரிந்த விஷயம். கிரிப்டோ நாணயங்களில் சிலவற்றுக்கு, எப்போதும் விழித்திருந்து பரிமாற்றங்களைச் சரிபார்க்கும் சர்வர்கள் தேவை. அப்படி ஒரு சர்வர் நடத்த விரும்புகிறவர், இத்தனை நாணயம் என்று ஒரு தொகையை உத்தரவாதமாகத் தன் வாலட்டில், அதாவது கணினிக்குள் இருக்கும் பணப்பையில், பூட்டி வைக்க வேண்டும். சர்வர் ஒழுங்காக ஓடினால் அவ்வப்போது ஒரு பங்கு வரும். அவ்வளவுதான் சங்கதி.

இராஜமாணிக்கம் லேப்டாப் பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். மல்லேஸ்வரத்தில் பல் வைத்தியர்களுக்கான சாமான் கடை வைத்திருப்பவர். அறுபதை நெருங்கும் குரல். நாற்காலி நகர்ந்த சத்தத்துக்குப் பிறகு நீண்ட நேரம் அவரிடமிருந்து பேச்சே வரவில்லை. அந்த மௌனம் வேதநாயகிக்குப் பழக்கமானது.

"இவங்களா பண்ணப் போறாங்க?" என்று அவர் தீபிகாவைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான் சார்" என்று வேதநாயகியே பதில் சொன்னாள். "லிங்க்கக் குடுங்க."

"தப்பா நினைக்காதம்மா. நாலு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா வாங்கிச் சேத்த காயின். பயமா இருக்கு."

"பயம் நல்லதுதான் சார். வாலட் எங்க இருக்கு?"

"எல்லாம் ஒரே இடத்துல இருந்தா சுலபம்னு, காயின் வாங்கறவங்க குரூப்ல ஒருத்தர் சொன்னாரு. நேத்து சாயங்காலமே சர்வர்ல ஏத்திட்டேன்."

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. இருந்தாலும் முதலில் ஸ்கிரிப்ட்டைப் பார்த்துவிடலாம் என்று, அதை ஓட்டாமல் இறக்கி மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்கவிட்டாள். ஒட்டச் சொன்னது ஒரே வரிதான், ஆனால் அது இழுத்து வந்து ஓட்டும் கட்டளைகள் முன்னூறு வரிக்கு மேல் இருந்தன. கண் இருப்பவர்கள் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவளும் மேலோட்டமாகத்தான் கேட்க நினைத்தாள். ஆனால் காதுக்கு மேலோட்டம் கிடையாது. வரி வரியாகத்தான் போயாக வேண்டும்.

இருநூற்றுச் சொச்சமாவது வரியில் விரல் நின்றது. திரும்பக் கேட்டாள். இன்னும் ஒருமுறை, எழுத்து எழுத்தாகக் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள்.

"சார், இதக் கேளுங்க."

கணினியின் குரல் தட்டையாக வாசித்தது. இராஜமாணிக்கத்துக்கு அதில் 'வாலட்' என்ற ஒரு வார்த்தைதான் புரிந்தது.

"என்னம்மா சொல்லுது?"

"உங்க வாலட் ஃபைல மூட்ட கட்டி, ஊர் பேர் தெரியாத ஒரு அட்ரஸுக்கு அனுப்பச் சொல்லுது. இத ஓட்டியிருந்தா சாயங்காலத்துக்குள்ள உங்க காயின் ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது."

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழுந்துவிட்டார்.

தீபிகா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து திரையைப் படித்தாள். "அய்யோ தேவுரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். "பரத் சார் என்கிட்ட குடுத்திருந்தா நான் ஒட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன் வேதா. நெஜமா."

வேதநாயகி பரத்தை அழைத்து நடந்ததைச் சொன்னாள். "இப்ப என்னங்க பண்ணலாம்?" என்றான். அவன் அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஸ்கிரிப்ட் வேண்டாம். எல்லாத்தையும் கையால போடறேன். வாலட் சார் லேப்டாப்லயே இருக்கட்டும், சர்வர்ல நோட் மட்டும். மத்தியானம் ஆகிடும்."

"ஆகட்டுங்க" என்றான்.

ஓர் இரவு சர்வரில் கிடந்த வாலட்டை இனி நம்ப முடியாது என்று, முதல் வேலையாக அவர் லேப்டாப்பில் புது வாலட் ஒன்று உருவாக்கி, பூட்ட வேண்டிய நாணயங்களை அதற்கு மாற்ற வைத்தாள். கடவுச்சொல்லை அவரே அடிக்கட்டும், தன்னிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்றாள். சர்வரில் கிடந்த பழைய ஃபைலை அழித்தாள். பிறகு அந்த நாணயத்தை உருவாக்கியவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து மென்பொருளை இறக்கி, அது அசல்தானா என்று, அவர்கள் வெளியிட்டிருந்த சரிபார்ப்புக் குறியீட்டின் அறுபத்துநான்கு எழுத்துகளையும் ஒப்பிட்டாள். நோட்டுக்கென்று தனிப் பயனர். அமைப்புக் கோப்பில் சர்வரின் முகவரி, நோட்டின் சாவி. வெளியார் நுழையாமல் காக்கும் ஃபயர்வாலில் நோட்டுக்கு ஒரு வாசல். ஒவ்வொன்றையும் செய்யும்போதே என்ன செய்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். இராஜமாணிக்கம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

நோட் பழைய பரிமாற்றங்களை எல்லாம் இறக்கி முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அதற்குள் தீபிகா கீழே போய் மூன்று பேருக்கும் பிஸிபேளே பாத் வாங்கி வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே இராஜமாணிக்கம் தன் கடைக்கு வரும் டாக்டர்களைப் பற்றிக் கதை சொன்னார். காலையில் இருந்த மௌனம் எங்கோ போயிருந்தது.

இரண்டரை மணிக்கு வாலட்டிலிருந்து நோட்டைத் தொடங்கச் சொன்னாள். சர்வரில் நிலை கேட்டாள். வெளியிலிருந்து யாராலும் நோட்டைத் தொட முடியவில்லை என்று பதில் வந்தது.

வாசலைத் திறந்திருந்தாளே. திரும்பப் பார்த்தாள், திறந்துதான் இருந்தது. முகவரி சரி, சாவி சரி. பன்னிரண்டாவது வாரத்தில் இருக்க மாட்டோமோ என்ற எண்ணம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு யோசித்தாள். சர்வருக்குள் கதவு திறந்திருந்தால், சர்வருக்கு வெளியே இன்னொரு கதவு இருக்க வேண்டும். சர்வரை வாடகைக்கு விடுகிறவர்களின் வலைப்பக்கத்தில் தனியாக ஒரு ஃபயர்வால் இருந்தது. பக்கத்தைத் திறந்தாள். கணினி, "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றது. எந்தப் பொத்தானுக்கும் பெயர் வைக்காமல் வெறும் படமாகப் போட்டிருந்தார்கள்.

கால் மணி நேரம் முட்டிப் பார்த்தாள். கேட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் இந்தப் பதினோரு வாரத்தில் இந்த அறையில் அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஒருமுறை கேட்டால் எல்லாவற்றுக்கும் கேட்பாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வீம்பு. அடுத்த நாற்காலியில் தீபிகா யாரிடமோ போனில், "ஈ எரர் ஏன்னு எனக்கும் புரியல, ஸ்வல்ப நீங்க பாத்து சொல்லுங்களேன்" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் கூசாமல் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வேதநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தீபிகா, போன் வெச்சதும் இங்க வா. இந்தப் பேஜ்ல ஃபயர்வால் பட்டன் எங்க இருக்குன்னு சொல்லு."

"பந்தே, இதோ வந்துட்டேன்" என்று வந்தவள் சுட்டியைப் பிடித்தாள். "ஏய், இது எனக்கே தெரியாம சாம்பல் கலர்ல ஒளிஞ்சுட்டு இருக்கு. எந்த நம்பரத் திறக்கணும்?"

வேதநாயகி எண்ணைச் சொன்னாள். தீபிகா திறந்தாள். மீண்டும் தொடங்கச் சொல்லி, பத்து நிமிடம் பொறுத்து, நிலை கேட்டாள். ஸ்பீக்கர் அறை முழுக்கக் கேட்கும்படி "எனேபிள்ட்" என்றது.

"அப்படின்னா?" என்றார் இராஜமாணிக்கம்.

"ஓடுது சார். உங்க நோட் இப்ப நெட்வொர்க்ல ஒரு ஆள்."

அவர் நோட்டுப்புத்தகத்தை மூடினார். "இன்னும் ரெண்டு பேர் எங்க குரூப்ல அதே ஸ்கிரிப்ட்ட வெச்சிட்டு உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு இப்பவே போன் பண்றேன். உன் நம்பரக் குடுக்கலாமாம்மா?"

"குடுங்க சார்."

பரத் நாலரை மணிக்கு அரக்கப் பரக்க வந்து சேர்ந்தான். திரையைப் பார்த்தான், அந்த ஸ்கிரிப்ட் வரியைப் பார்த்தான். சுற்றி வளைத்துப் பேச அவனுக்கு வராது.

"வேதா, நான்தாங்க ஒட்டச் சொன்னேன். தப்பு என்னோடது" என்றான். பிறகு, "திங்கக்கிழமையிலேர்ந்து சர்வர் எல்லாத்துக்கும் உங்களுக்கு முழு அதிகாரம், ரூட் பாஸ்வேர்டு தர்றேன். வேலை நிரந்தரம்னு லெட்டரும் அன்னைக்கே. ஆனா ஒண்ணு, சர்வர் பாக்கறவங்க எல்லாரும் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ட்யூட்டில இருக்கணும். இந்த மாசம் நாளைக்குத்தான். உங்களுக்குக் கஷ்..."

வார்த்தையை அவனே பாதியில் விழுங்கினான்.

"நாளைக்கா?" என்றாள் வேதநாயகி. "பன்னெண்டு மணி வரைக்கும் சர்ச் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு சர்வரும் விழக் கூடாதுன்னு நீங்களே சொல்லி வைங்க. ஞாயித்துக்கிழமை வேலைக்குப் பதிலா வேற ஒரு நாள் லீவும் வேணும்."

தீபிகா கைதட்டினாள். "கேளு, கேளு, எனக்கும் சேத்துக் கேளு!"

பரத் தலையைச் சொறிந்துகொண்டே, லீவுக் கணக்கைப் பற்றி இரண்டு பேரோடும் பேரம் பேச உட்கார்ந்தான்.