ஆர்லீன் வீட்டுக்கு வந்த சாப்பாடு

ராணுவத்தின் பச்சைக் கார் ஆர்லீன் ஹேகன் வீட்டு வாசலில் நின்றதும் ஊர்க் கோழிகளெல்லாம் முட்டையிடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டன என்று நான் சொன்னால், என் மனைவி டெலோரஸ் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. போகட்டும். ஆனால் அறுபத்தொன்பதாம் வருஷத்து இலையுதிர்காலத்தில் எங்கள் மின்னசோட்டா பக்கத்தில் அந்தக் கார் எதற்கு வரும் என்பது கோழிக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பையன்கள் வியட்நாமில் இருந்தார்கள். காயம்பட்டால் தந்தி வரும். அதற்கு மேல் என்றால்தான் கார் வரும், உள்ளே இரண்டு பேரோடு.

முதலில் பார்த்தவள் எதிர்ப்பண்ணை பெர்னிஸ். பருந்துக்குப் பார்வை மங்கினால் அவளிடம்தான் கண் இரவல் கேட்கும். எங்கள் சாலையில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பி. ஒருத்தி பேச எடுத்தால் மற்ற ஏழு வீட்டிலும் ரிசீவர் தானாகவே எழுந்து காதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுக் கேட்பது பாவம் என்று எங்கள் தேவாலயத்தில் பாஸ்டர் பிரசங்கம் செய்வதுண்டு. அவர் வீடும் அதே கம்பியில்தான் இருந்தது.

"ஆர்லீன் வாசல்ல நிக்குது. ரெண்டு பேரு எறங்கிட்டாங்க. தொப்பியக் கழட்டிட்டாங்க" என்றாள் பெர்னிஸ். எட்டு வீட்டிலும் மூச்சு நின்றது. பிறகு ஆர்லீன் வீடு தவிர ஏழிலும் அடுப்பு எரிந்தது.

துக்க வீட்டுக்குச் சமைத்த பாத்திரத்தோடு போவதுதான் எங்கள் வழக்கம். ஆறுதல் வார்த்தை எங்களுக்கு வராது. நார்வேயிலிருந்து கப்பலேறிய எங்கள் முன்னோர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் காளான் சூப்பும் ஒரே தட்டில் கொட்டி, மேலே பொன்னிறமாகும்வரை அடுப்பில் வைத்துக் கொண்டுபோவோம். பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதிய ஒட்டுத்தாள் இருக்கும். துக்கம் யாருடையதானாலும் பாத்திரம் அவரவர் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும்.

டெலோரஸ் மடியில் கொதிக்கிற பாத்திரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ வண்டிய ஓட்டு, வாய ஓட்டாத" என்றாள். ஆர்லீனின் மகன் டுவெய்னுக்கு ஞாயிறு வகுப்பில் பாடம் சொன்னவள் அவள்.

நாங்கள் போனபோது பச்சைக் கார் போய்விட்டிருந்தது. சமையலறை மேசையில் ஒரு படைக்கே போதுமான பாத்திரங்கள். கேரட் துருவல் போட்ட பச்சை ஜெல்லி மட்டும் நான்கு. பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். ஆர்லீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் சோளம் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தான்.

"ஆர்லீன், நாங்க இருக்கோம்டி" என்றாள் பெர்னிஸ்.

"டுவெய்ன் இல்ல" என்றாள் ஆர்லீன்.

"ஆமாடி கண்ணு. இல்லதான். மனசத் தேத்திக்க."

"அட, அது இல்லடி. அவன் நல்லாத்தான் இருக்கான். அவங்க எங்க வீடு தேடி வரல. வழி கேட்டாங்க."

யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்துகொண்டது டெலோரஸ்தான். பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்தபடியே, "யார் வீட்டுக்கு?" என்று கேட்டாள்.

ஆர்லீன் தன் வலது கையைத் தூக்கி, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள். "மிர்னா வீட்டுக்கு. இந்தக் கையாலதான் காட்டுனேன். சரளை ரோட்டுல நேராப் போங்கன்னு."

மிர்னா க்வாலே, ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாகப் பால்மாடு வைத்திருந்தவள். அவளுக்கு ஒரே மகன் ரோஜர். அதற்கு முந்தின வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் படைவீரர்களுக்காக ஜெபம் செய்யும் நேரத்தில் அவள் எழுந்து நின்றாள். "ஜெயிக்கணும்னு என்னால ஜெபம் பண்ண முடியல. எல்லாப் புள்ளைங்களையும் திருப்பி அனுப்புங்கன்னு கேக்குறேன். இனிமே ஒருத்தனையும் அனுப்பாதீங்க" என்றாள். அப்போது டுவெய்ன் கப்பலேறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தேவாலய வாசலில் எல்லோர் முன்னாலும் ஆர்லீன் அவளிடம் சொன்னாள்: "ஒம் பேச்சு எம் புள்ள முதுகுல குத்துது." அன்றோடு சரி. மிர்னா உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பிறகு ரோஜருக்கும் ராணுவத்திலிருந்து அழைப்பு வந்தது. அவன் பஸ் ஏறிய அன்று வழியனுப்ப அவளைத் தவிர ஒரு நாய்கூட வரவில்லை. இதை நான் மிகைப்படுத்தவில்லை. எங்கள் நாயைக்கூட அன்று கட்டித்தான் வைத்திருந்தோம்.

"யாராவது அவகிட்டப் போகணும்" என்றாள் டெலோரஸ். பெர்னிஸ் தன் ஜெல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்லீன் எழுந்தாள். "அந்தக் காரு திரும்பிப் போனதும் நான் கும்பிட்டேன் தெரியுமா. 'அவ வீட்டுக்குத்தானே, சரி'ன்னு கும்பிட்டேன்." மேசையிலிருந்து கைக்கு அகப்பட்ட பாத்திரத்தை எடுத்தாள். "நான்தான் போகணும்."

அவள் கதவை நெருங்குவதற்குள் கதவே திறந்தது. நீண்ட ரப்பர் பூட்ஸும் தலையில் துணியுமாக மிர்னா நின்றாள். கையில் துண்டு சுற்றிய பாத்திரம். மூடியின் ஓரத்தில் குழம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வீடும் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது என்பதை ஒரு வருஷமாக நாங்கள் மறந்துபோயிருந்தோம். பெர்னிஸ் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அடுப்பில் இருந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு இவள் ஓடைக்கரைக் குறுக்குவழியில் நடந்து வர, கார் சரளைச் சாலையில் சுற்றிப் போய் ஆளில்லாத அவள் வீட்டு வாசலில் நின்றிருக்கும்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

அவள் நேராக ஆர்லீனிடம் வந்தாள். கையிலிருந்ததை வைக்க இடமில்லாமல் இரண்டு ஜெல்லிகளைத் தள்ளி வைத்தாள்.

"நீ என்னோட பேச வேணாம். நான் அன்னிக்குச் சொன்னது டுவெய்னையும் சேத்துத்தான். அவனும் திரும்பி வரணும்னுதான். அது ஒனக்குத் தெரியணும், அவ்வளவுதான்." பிறகு சுற்றிலும் எங்களைப் பார்த்தாள். "ஏன் எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறீங்க? இவளுக்கு ஒருவாய் காப்பிகூடக் குடுக்கலியா?"

எனக்குத் தெரிந்து அந்த ஊரில் நான் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். பெர்னிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆர்லீன் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "மிர்னா" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"தெரியும்டி. ஒண்ணும் சொல்ல வேணாம்."

மிர்னா கோட்டைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியில் கிடந்த கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். துக்க வீட்டில் யாராவது செய்ய வேண்டிய வேலை. தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னல் சாலையைப் பார்த்தது. ஆர்லீன் மெதுவாகப் போய் அவள் பக்கத்தில் நின்று, ஒரு துண்டை எடுத்து, அவள் நீட்டிய கோப்பையை வாங்கித் துடைத்தாள்.

"ரோஜர் எழுதியிருந்தான்" என்றாள் மிர்னா, நுரைக்குள் கைவிட்டபடி. "அங்க மழை விடவே இல்லியாம். காலுறை காயவே மாட்டேங்குதாம். கம்பளியில ஒரு ஜோடி பின்னிக்கிட்டிருக்கேன்."

ஆர்லீன் துடைத்த கோப்பையையே மறுபடியும் துடைத்தாள்.

சோளக்கொல்லைக்கு அப்பால் சரளைச் சாலையில் புழுதி எழுந்தது. முதலில் ஒரு கைப்பிடி. பிறகு அது நீண்டு எங்கள் பக்கம் வந்தது.

"யாரோ வர்றாங்க. பாஸ்டரா இருக்கும்" என்றாள் மிர்னா.

ஆர்லீன் கோப்பையைக் கீழே வைத்தாள். மிர்னாவின் கைகளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, துண்டால் சுற்றி, துடைக்க ஆரம்பித்தாள். குளித்துவிட்டு வந்த குழந்தைக்குத் துடைப்பதுபோல, ஒவ்வொரு விரலாக.