முதலில் எழுதிய குறிப்பு

வரவேண்டிய ஆள் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்க நான்கு பேர் உட்கார்ந்தாயிற்று; இந்தப் பக்கம் நாற்காலி காலி. குறிப்பு எழுதிவைக்கும் செயலி ஒன்றின் புது வடிவத்தைச் சாதாரண ஜனங்கள் கையில் கொடுத்து, எங்கே திணறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவளுடைய வேலை. சொந்தக்காரர்களை உட்காரவைக்கக் கூடாது என்று விதி உண்டு. ஆனால் அன்றைக்குப் பார்த்து அவளைக் கூட்டிப்போக வந்த கணவர் வரவேற்பறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய லிஃப்ட் மெக்கானிக். இப்படி ஓர் ஆள் கிடைக்கத் தவமிருக்க வேண்டும் என்று டிசைனர் அவரைக் கையோடு இழுத்து வந்துவிட்டான். அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் பொத்தான். ஒரு பொத்தானை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகர்த்த ஒரு வாரம் கூட்டம் போட்டவன்.

அவள் எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னாள். "நாங்க உங்களைச் சோதிக்கல, ஆப்பைத்தான் சோதிக்கறோம். நீங்க தடுமாறினா அது ஆப்போட தப்பு. நடுவுல நான் உதவி பண்ண மாட்டேன்."

"வீட்லயும் அப்படித்தானே" என்றார் அவர். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ சிரிப்பது லேசாகக் கேட்டது.

நாளைக்கு மறக்கக் கூடாத ஒன்றை எழுதச் சொன்னாள். ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதினார்: நாலாம் மாடிக் கதவு. மெயினை நிறுத்திவிட்டுக் குழியில் இறங்கு. அவர் தொழிலில் உயிரே அதில்தான் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைக்காமல் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கினால், மேலேயிருந்து லிஃப்ட் பெட்டி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்ததாக ஒரு படம் எடுத்துச் சேர்க்கச் சொன்னாள். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் படம் பிடித்தார். நன்றாக விழவில்லை என்று இன்னொரு தடவையும் பிடித்தார்.

"இப்ப, முதல்ல எழுதின குறிப்பைத் தேடி எடுங்க."

அது உச்சியிலேயே, கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் விரல் அதைத் தாண்டிக் கீழே போனது, திரும்பி வந்தது, மறுபடியும் தாண்டியது. தன் கை தானாக எழுவதை உணர்ந்து அவள் அதை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். எத்தனையோ பேர் திணறுவதைக் கல் மாதிரி உட்கார்ந்து பார்த்தவள்தான். கடைசியில் அவர் அதைத் திறந்து, வாய்க்குள்ளேயே படித்தார். முகம் மலர்ந்தது.

"இது என்னோடது இல்லம்மா. எனக்கு முன்னாடி நம்ம தொழில்காரர் ஒருத்தர் வந்துட்டுப் போயிருக்காரு, அழிக்காம விட்டுட்டாரு. விவரமான ஆளுதான். மெயினை மறக்கல பாரு."

கொஞ்ச நாளாகவே அவர் ஒரே காபிக்கு இரண்டு முறை சர்க்கரை போடுகிறார். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டு நின்றார். உங்களுக்கு வேலை ஞாபகம் இருந்தால் போதும், வீடெல்லாம் எதுக்கு என்று அவள் கிண்டல்கூட அடித்திருக்கிறாள். இப்போது மறதி அந்த வேலையிலேயே கைவைத்துவிட்டது.

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது பொத்தானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எழுதியது யார் என்றே தெரியாத வடிவம், எவ்வளவு பெரிய ஓட்டை என்று மஞ்சள் சீட்டுகளாகச் சுவரில் ஒட்டிக்கொண்டே போனான். ஒவ்வொரு குறிப்பின் மேலும் எழுதியவர் பெயரும் நேரமும் போட்டுவிட்டால் சரியாகிவிடும், இல்லையா என்று அவளிடம் கேட்டான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவருக்குத்தான் மறந்துபோகிறது, இது உங்கள் ஓட்டை இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது. பெயர் போடலாம் என்றாள். அவன் அதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டினான்.

லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். கதவு மூடியதும், எந்த லிஃப்டில் ஏறினாலும் செய்வதுபோல, அவர் பெட்டியின் சுவரைத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"ஆப்லதானே கோளாறு?"

அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"ஆமா, ஆப்லதான்" என்றாள். "நாளைக்கு லீவு போடுங்களேன்."

"எப்படிப் போடறது? நாலாம் மாடிக் கதவு மக்கர் பண்ணுதே. குழியில இறங்கிப் பார்க்கணும்."

மெயினைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. லிஃப்ட் அசையாமல் நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். யாருமே பொத்தானை அழுத்தவில்லை. அவரும் கவனித்துவிட்டார். விரலை நீட்டினார். மேலிருந்து கீழாக வரிசையாக மினுங்கிய எண்களின் முன்னால் அந்த விரல் நின்றது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக இறங்கியது, திரும்ப ஏறியது. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.