சாதிக்குரிய கட்டம்

உயிரினங்களை வகைப்படுத்துமிடத்து உயிரியலாளர்கள் ஏழு படிகளைக் கொள்வர்: இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். ஐம்பத்திரண்டாம் வயதில் உயர்தரப் பரீட்சையில் உயிரியலில் சித்தியடைந்த ஞானேஸ்வரிக்கு இவ்வேழும் தலைகீழாகவும் பாடம். ஆகவே, நகரப் பூங்காவின் நாற்பது மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைப்பதென மாநகர சபை தீர்மானித்தபோது, அங்கே எழுத்து வேலை பார்க்கும் இலிகிதரான அவள் தமிழ் வரிகளை எழுதும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மரங்களை அடையாளம் காட்டியவர் பூங்காத் தொழிலாளி தனபாலன். அவர் துணையின்றி நாற்பதில் பத்தைக்கூட அவளால் பிரித்தறிய இயலாது. அவரை அவள் 'அண்ணே' என்றே அழைத்தாள். தான் ஏற்றத்தாழ்வு பாராதவள் என்பதற்கு அதையே சான்றாகவும் கொண்டிருந்தாள்.

"பலா, ஈரப்பலா, அரசு, ஆலு. நாலையும் கீறிப் பாருங்க மிஸ், பால் வடியும். நாலும் ஒரே கூட்டந்தான்."

ஞானேஸ்வரி வியந்தாள். ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தமையால் அந்நான்கும் ஒரே குடும்பம் என்பதை அவள் படித்து முடிக்க இரண்டு வருடம் சென்றிருந்தது.

"இத யாருண்ணே சொல்லிக் குடுத்தா?"

"கத்திதான்."

பலாவின் அடியில் அமர்ந்தனர். தனபாலன் தம் பிளாஸ்கிலிருந்து மூடியில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒரு மிடறு குடித்தாள்.

"வீட்டுல எல்லாரும் எங்கண்ணே?"

"இங்கதான் மிஸ். பெரிய மகள மட்டும் புசல்லாவையில கட்டிக் குடுத்திருக்கேன்."

அவள் மடியிலிருந்த பெயர்ப்பலகைப் படிவத்துக்குத் திரும்பினாள். குடும்பம் எழுதியாயிற்று. அடுத்த கட்டம் வெறுமையாக இருந்தது. தலை நிமிராமலே கேட்டாள்:

"சரி, சாதி என்ன?"

தனபாலன் பிளாஸ்கைப் புல்லில் வைத்தார். பின்னர், வழி கேட்டவருக்கு வழி சொல்வதைப் போல, ஒரே சொல்லில் தம் சாதியைச் சொன்னார்.

அடுத்த மிடற்றுக்காக மூடியை உயர்த்திய அவளது கை வாயருகே நின்றது. ஒரு கணம்கூட இராது. ஆனால் அவள் பார்வை அந்தப் பிளாஸ்க் மூடிக்குப் போய் வந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ அண்ணே, நான் மரத்தோடதக் கேட்டேன்." படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். "உயிரியல்ல சாதின்னா வேற. நெருங்கின இனங்க சேர்ந்தது. பலாவும் ஈரப்பலாவும் ஒரு சாதி, அரசும் ஆலும் இன்னொரு சாதி…"

"மரத்துக்குமா மிஸ்?" என்று தனபாலன் சிரித்தார்.

அச்சிரிப்போடு அது முடிந்திருக்கலாம். அவளோ மிகுதித் தேநீரை ஒரே மூச்சில் குடித்துக் காட்ட முற்பட்டாள்.

"விடுங்க மிஸ். கஷ்டப்பட்டுக் குடிக்க வேணாம்." மூடியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கித் தேநீரைப் புல்லில் ஊற்றினார்.

மாலையில், வீடு திரும்பும் பஸ் கடுகண்ணாவையை அடையும்வரை அவள் தன் வழக்கைத் தனக்கே எடுத்துரைத்தாள். கேள்வி குற்றமற்றது, அதற்குப் பாடநூலில் பக்க எண்ணுடன் சான்று உண்டு. கை நின்றதற்குச் சான்று இல்லை. முன்னோரில் பயன்பட்ட உறுப்புகள் சில, பயன் அற்றுப்போன பின்னும் வழித்தோன்றல்களில் எஞ்சும் என்று பாடநூல் கூறும். அவளிடம் எஞ்சியிருந்தது இன்னும் நன்றாகவே வேலை செய்தது.

மறுநாள் காலை, மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தைகளை ஒழுங்குசெய்துகொண்டு அவள் பூங்காவுக்குச் சென்றாள். பலாவின் அடியில் ரவிகுமார் என்ற இன்னொரு தொழிலாளி நின்றார்.

"தனபாலண்ணன வேற எடத்துக்குப் போட்டுட்டாங்களா?"

"இல்லங்க மிஸ், அவரே கேட்டு மாறிக்கிட்டாரு. இத ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

ஒரு தாள். எஞ்சிய முப்பத்தாறு மரங்களின் பெயர்களும் நிற்குமிடங்களும், கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கவனமான கையெழுத்தில். அவள் ஒப்பிட்டுப் பார்த்தவரையில் ஒன்றேனும் பிழையில்லை. அடியில் ஒரு வரி: 'சாதியை மிஸ் போட்டுக்கொள்ளவும்.'

"அவர் இப்ப எங்க?"

"வாவிக்கரையில. ஏதும் சொல்லணுமா மிஸ்?"

சொல்ல இருந்தது. இன்னொருவர் வாயால் சொல்லி அனுப்பக் கூடியதாக அதில் ஒரு சொல்லும் இல்லை.

"இல்லை," என்றாள்.