பருந்துக்கு இரண்டாம் இடம்

பொடிக்கு வயது நாற்பத்தாறு. வீட்டின் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், தலையில் நரை விழுந்த பிறகும் உதிரவில்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. முன்னால் இருப்பவர் கண்ணைச் சோதித்துச் சீட்டு அனுப்புவார். இவள் லென்ஸைத் தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் தேய்த்து, பிரேமுக்குள் இம்மி பிசகாமல் உட்கார வைப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு லென்ஸின் ஓரம் பாதி தேய்ந்திருந்தபோது அண்ணி போனில் கூப்பிட்டாள்.

"பொடி, உங்க அண்ணன் கண்ணைத் தொறந்துட்டார்."

"அப்பாடா! பேசுறானா?"

"பேசுறார். அதான் பிரச்சினையே. என்னென்னமோ உளர்றார். டாக்டர் மாசம் என்னன்னு கேட்டா, யாரையோ இறக்காதே, யாரையோ ஏத்துன்னு சொல்றார். எனக்குப் பயமா இருக்கு. நீ உடனே வா."

பொடி லென்ஸைக் கீழே வைத்தாள். சக்கரத்தை நிறுத்தினாள். கடைக்காரரிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவர் "போம்மா, போம்மா" என்று கையை ஆட்டியது மட்டும் தெரிந்தது.

மூன்று நாளுக்கு முன்னால், சனிக்கிழமை மதியம் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுகிறேன் என்று அண்ணன் ஸ்டூலில் ஏறினான். ஸ்டூல் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பின்மண்டை மேசை விளிம்பில் இடித்தது. மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை அன்று மாலையே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பொடி மூன்று நாளும் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனாள். உள்ளே போய்ப் பார்க்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டபோதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அண்ணனும் அவளும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பேச்சு நின்றது மல்யுத்தத்தால்.

அவளுக்கு ஏழு வயது, அவனுக்குப் பதினொன்று இருக்கும்போது, அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய வீடியோ பெட்டியும் நான்கு டேப்பும் கொண்டுவந்தார். நான்கிலும் மல்யுத்தம். மேடையில் ஏறி ஆளை ஆள் தூக்கிப் போடும் ஆட்டம். பேசுகிறவர் எந்த மொழியில் கத்துகிறார் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அதனால் வீரர்களுக்கெல்லாம் இவர்களே பெயர் வைத்தார்கள். எதிராளியைக் கடிதம்போல் நாலாக மடித்துக் கீழே வைப்பவர் தபால்காரர். கயிற்றின் உச்சியில் ஏறி இறக்கை விரித்துப் பாய்பவன் பருந்து. மேடை ஏறினாலே பலகை முனகும் அளவுக்குக் கனத்தவன் பீரங்கி. கால்களுக்கிடையில் ஆளை நெரித்து மூச்சைத் திணற வைக்கும் பெண் கத்தரி அக்கா. முகத்தைக் காட்டாமலே ஆடுபவன் முகமூடிக்காரன். பிறகு எத்தனையோ டேப்புகள் வந்தன, கேபிள் வந்தது, கைக்குள் போன் வந்தது. வீரர்களின் உண்மைப் பெயர்களும் தெரிந்துபோயின. ஆனாலும் இருவருக்குள் பழைய பெயர்கள்தான் புழங்கின.

ஒரு நோட்டில் இருபத்தைந்து பேரின் வரிசை இருந்தது. அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி தருபவன். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் காரில், தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு எதையும் அவசரப்பட்டுத் தீர்மானிக்க வராது. கறுப்பு வெள்ளைக் காலத்து ஆளையும் இன்றைய ஆளையும் எப்படி ஒரே தராசில் வைப்பது என்று மாதக்கணக்கில் யோசிப்பான். "பழைய மேடை வெறும் பலகை, மேல ஒரு கித்தான் துணி. இப்ப அடியில ஸ்பிரிங் இருக்கு. அப்ப ஒரு மணி நேரம் ஒரே பிடியில கிடந்தாங்க, இப்ப பத்து நிமிஷத்துல பத்து தடவை பறக்குறாங்க. அவனவன் மேடையில வெச்சுத்தான் அவனவனைப் பார்க்கணும்" என்பான்.

வெற்றி தோல்வியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள் என்று தெரிந்தபோது பொடிக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனோ அதற்குப் பிறகுதான் இன்னும் உன்னிப்பாகப் பார்த்தான். "ஜெயிக்கிறது கதைடி. ஆனா விழுறது நிஜம். எதிராளியோட கழுத்து உன் கையில இருக்கு. அதைப் பத்திரமா அவன்கிட்டயே திருப்பிக் குடுக்கிறவன்தான் வீரன்." அந்தக் கணக்கில் தபால்காரர் முதலிடம். முப்பது வருட ஆட்டத்தில் ஒருவருக்கும் ஒரு சுளுக்குகூட வரவில்லை என்பான்.

பொடியின் கணக்கு வேறு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனை எழுந்து நிற்க வைப்பவன் எவனோ அவனே பெரியவன். அவளுக்குப் பருந்துதான் எல்லாம். அண்ணன் வரிசையில் பருந்து ஏழாவது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் பேனாவை எடுத்து ஏழு என்பதை அடித்து ஒன்று என்று எழுதினாள். பேச்சு வளர்ந்தது. அண்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"உனக்கு மல்யுத்தம் எங்கே தெரியும்? பளபளப்புதான் தெரியும். அதனாலதான் அந்த மாதிரி ஆளைப் பார்த்துக் கட்டிக்கிட்ட."

பொடியின் கணவன் அவளை விட்டுப் போய் அப்போது எட்டு மாதம்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள், அந்த வாசலை அதன் பிறகு மிதிக்கவில்லை.

ஆஸ்பத்திரி மாடியில் அண்ணி நடைவழியில் நின்றிருந்தாள். மூன்று நாள் தூக்கமின்மை கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. பொடியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு கேக்கணும். மனசுல வெச்சுக்காம சொல்லு. யாரு இந்தக் கத்தரி அக்கா?"

"என்ன அண்ணி?"

"கண்ணு முழிச்சதுலருந்து மூணு தடவை சொல்லிட்டார். கத்தரி அக்கா கால் மாதிரி கால் இனிமே யாருக்கும் வராதாம்! இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குத் தெரியாம எந்த அக்கா? அவ காலை இவரு எப்பப் பார்த்தார்?"

பொடிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதே கணத்தில் நெஞ்சுக்குள் எதுவோ சட்டென்று நிமிர்ந்தது. "அண்ணி, வேற என்னெல்லாம் சொன்னான்? அப்படியே சொல்லுங்க."

"தபால்காரரை இறக்காதேன்னார். பீரங்கி வெறும் எடைதான்னார். நர்ஸ்கூட, வீட்ல தபால்காரர் யாராவது இருக்காரான்னு கேட்டுச்சு."

பொடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

தலையைச் சுற்றிக் கட்டு, மூக்கில் குழாய், ஒரு பக்கம் வீங்கிய முகம். கட்டிலில் கிடந்தவனை அண்ணன் என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. கட்டிலருகே பெண் டாக்டர் ஒருவர் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணன் கண்ணை மூடியபடி, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான்.

"பருந்து... ரெண்டு. ஆமா. ரெண்டுல வை."

பொடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், இவன் உளறல. நாங்க சின்ன வயசுலருந்து மல்யுத்த வீரர்களுக்கு ஒரு வரிசை போட்டு வெச்சிருக்கோம். இவன் சொல்றதெல்லாம் நாங்க வெச்ச பேரு. வேற யாருக்கும் தெரியாது. நான் ஒண்ணு கேட்டுப் பார்க்கட்டுமா?"

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கேளுங்க. மெதுவா, ஒவ்வொண்ணா."

பொடி குனிந்தாள். இரண்டு வருடம் கழித்து முதல் வார்த்தை என்ன பேசுவது என்று எத்தனையோ முறை யோசித்ததுண்டு. இப்போது வேண்டுமென்றே தப்பான ஒன்றைச் சொன்னாள்.

"அண்ணா, தபால்காரர் முகமூடிக்காரனை மடக்கினது இருபது நிமிஷத்துலதானே?"

சுவரில் மாட்டியிருந்த இயந்திரம் மட்டும் டிக் டிக் என்றது. மறுபடி கேட்கலாமா, வேண்டாமா என்று டாக்டரைப் பார்த்தாள். அப்போது அண்ணனின் நெற்றி சுருங்கியது, டிரைவிங் கற்றுக்கொள்ள வந்தவர் கியரைத் தப்பாகப் போட்டால் சுருங்குமே, அந்த மாதிரி.

"நாப்பத்தொண்ணு" என்றான். குரல் கரகரத்தது. "நாப்பத்தோரு நிமிஷம். இருபதுல மடக்கினது பீரங்கியை."

"பீரங்கியை மடக்கினது எந்தக் கையால?"

"இடது. வலது தோள்ல அடி. ரெண்டாவது டேப். முதல் ஆட்டம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இது சரியா?"

"நூத்துக்கு நூறு" என்றாள் பொடி. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது.

டாக்டர் முன்னால் வந்து அவளைச் சுட்டிக்காட்டினார். "சார், இங்க பாருங்க. இவங்க யாரு?"

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தான். வீங்கியிருந்த மற்றது பாதிதான் திறந்தது. வெகுநேரம் பார்த்தான்.

"பொடி" என்றான். "என் தங்கச்சி. என்கூடப் பேசமாட்டா."

பொடி வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அண்ணி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். அழுகையும் சிரிப்புமாகப் பொடி சொல்லி முடிப்பதற்குள் டாக்டரும் வந்துவிட்டார்.

"இன்னும் மாசம், தேதி எல்லாம் குழப்பமாத்தான் இருக்கு. கொஞ்ச நாள் ஆகும். ஆனா கேள்வி புரியுது, தப்பைத் தப்புன்னு திருத்துறார், ஆளை அடையாளம் தெரியுது. நான் பயந்த அளவுக்கு இல்லை. நல்ல அறிகுறி. தைரியமா இருங்க."

அண்ணி சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாள். பிறகு, "அப்ப அந்தக் கத்தரி அக்கா?" என்றாள்.

"மல்யுத்தக்காரி, அண்ணி. இப்ப அவங்களுக்கு எழுபது வயசாவது இருக்கும்."

"நாசமாப் போக" என்று சொல்லி அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

வெள்ளிக்கிழமைக்குள் அண்ணன் மாதத்தையும் தேதியையும் பிடித்துவிட்டான். அடுத்த திங்கட்கிழமை பொதுவார்டுக்கு மாற்றினார்கள். அன்று மதியம் பொடி போனபோது ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அண்ணி மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள்.

"ஏண்ணா, பருந்தை ரெண்டுல வைன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்காகச் சொன்னியா?"

"உனக்காக எவனாவது வரிசையை மாத்துவானா?" பழைய மிடுக்கு குரலில் எட்டிப் பார்த்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "அரை மயக்கத்துல கிடந்தேன்ல, அப்ப இதுதான் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நான் விழுந்தது ரெண்டடி ஸ்டூல்லருந்து. அதுக்கே இந்தக் கதி. அவன் ஏழெட்டு அடி உசரத்துலருந்து, கீழ படுத்திருக்கிறவன் மேல குதிச்சான். ஒரு தடவை இல்ல, இருபது வருஷம். ஒருத்தனுக்காவது எலும்பு முறிஞ்சுதா?"

"இல்ல."

"இல்லைல்ல? எல்லா அடியையும் தன் முட்டியிலயும் உள்ளங்கையிலயும் வாங்கிக்கிட்டிருக்கான். கழுத்தைப் பத்திரமாத் திருப்பிக் குடுத்திருக்கான். தரையில நின்னு குடுக்கிறதைவிட, பறந்துவந்து குடுக்கிறது எவ்வளவு கஷ்டம்! நான் அவனோட சட்டை மினுக்கத்தை மட்டும் பார்த்துட்டு, ஆளைப் பார்க்காம விட்டுட்டேன். என் கணக்குப்படியே அவன் மேல வரணும்."

"அப்ப ஒண்ணாவதா வை."

"தபால்காரரை இறக்கச் சொன்னா எழுந்து போயிடு."

பொடி சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"அன்னைக்கு உன் வீட்டுக்காரனை வெச்சு நான் சொன்னது ரொம்பத் தப்பு, பொடி. சொன்ன அடுத்த நிமிஷமே தெரிஞ்சுது. வந்து சொல்ல வாய் வரல. ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன்."

"எனக்கும் உன் மேல கோபம் ஆறு மாசத்துலயே போயிடுச்சு. அப்புறம் எப்படி வர்றதுன்னுதான் தெரியல."

"மண்டை உடையணும்னு இருந்திருக்கு" என்றான் அண்ணன்.

"விடுண்ணா."

அண்ணி மருந்துப் பையுடன் வந்தபோது அவர்கள் மூன்றாம் இடத்துக்குக் கத்தரி அக்காவா, முகமூடிக்காரனா என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்து, நோயாளிக்கு ஓய்வு வேண்டும் என்று பொடியை விரட்டினாள்.

வெளியே நல்ல வெயில். பத்து நாளில் முதன்முறையாகப் பொடிக்குப் பசித்தது. எதிர்க்கடையில் இரண்டு பன்னும் டீயும் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டாள். மூன்றாவது பன்னும் கேட்டு வாங்கினாள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும், அப்படியே தூங்கிப்போனாள். கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது அவள் இறங்க வேண்டிய இடம் தாண்டி நான்கு நிறுத்தம் ஆகியிருந்தது.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

"பரவாயில்லைங்க, நடந்துக்கிறேன்" என்று சொல்லி இறங்கினாள். சாலையோர நிழலைப் பார்த்து, அவசரமே இல்லாமல் வந்த வழியே திரும்பி நடந்தாள்.